இடக்கைக் கூடை

பட்டறையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அவளுக்குப் பெயர் 'புதுசு'தான். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக்கூட விதவிதமாகப் பட்டப்பெயர் அமைந்துவிட்டது. அவளை மட்டும் அந்த முதல் நாள் பெயர் விட்டுப் போகவில்லை. அவளுக்கும் அதில் குறை இல்லை. சொந்தப் பெயரை யாரும் வாய்விட்டுக் கூப்பிடாத ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. கடவுள் புண்ணியத்தில் அது கிடைத்திருந்தது.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம் அது. சுவரோரம் கழிகளில் வாழைநார் கற்றை கற்றையாகத் தொங்கும். பெண்கள் தாழ்வான முக்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து மூடிக்கூடை பின்னுவார்கள். விரல் தடிமனுக்கு நாரைச் சேர்த்துப் பிடித்து, அதை நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு ஊசியால் தைத்து இறுக்க வேண்டும். முதலில் அடி, பிறகு சுவர், கடைசியில் மூடி. துணிமணி போட்டுவைக்க, பிள்ளைகளின் பொம்மைகளை அள்ளிப் போட என்று அந்தக் கூடைகள் கப்பலேறி எங்கெங்கோ போகும். கொஞ்சம் டவுனில் உள்ள கடைக்கும் போகும்.

எல்லோருடைய கூடையும் வலப்பக்கமாகச் சுற்றும். புதுசின் கூடை மட்டும் இடப்பக்கமாகச் சுற்றும். பிறவியிலேயே அவளுக்கு இடக்கைப் பழக்கம்.

"பாருங்கடி இவ கூடையை. புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்தவ மாதிரி அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டு இருக்கு" என்பாள் கோணூசி.

சாக்கு தைக்கிற ஊசி மாதிரி வளைந்தும் கூராகவும் பேசுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மூடி பின்னுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் சிரிப்பார்கள். புதுசும் சிரிப்பாள். ஆனால் தெரியாமல் சொல்கிறாளா, தெரிந்துதான் சொல்கிறாளா என்று பல நாள் குழம்பியிருக்கிறாள்.

பட்டறை வாசலில் 'நியாய வணிகம்' என்று ஒரு பலகை இருக்கும். உழைப்புக்கு ஏற்ற கூலி, பிள்ளைகளை வேலைக்கு வைக்காமை என்று அதற்குச் சில விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று, கதவைப் பூட்டக் கூடாது. கூடை வாங்கியவர் யாராக இருந்தாலும் வேலை நேரத்தில் உள்ளே வந்து, அதைப் பின்னியவரைப் பார்த்துப் பேசலாம். ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பதற்காக நல்ல மனசோடு வைத்த விதி அது. ஒவ்வொரு கூடையின் கழுத்திலும் ஒரு சீட்டுத் தொங்கும். பின்னியவரின் சிரித்த முகம் அதில் இருக்கும்.

பட்டறையை நடத்தும் பெரியக்கா படம் எடுக்க வந்த அன்று புதுசு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "முகம் மட்டும் வேண்டாங்க்கா."

பெரியக்கா ஏன் என்று கேட்கவில்லை. "வேண்டாம்னா வேண்டாம். அதுக்கு எதுக்கும்மா கும்பிடறே?" என்று சொல்லி, அவள் பின்னிக்கொண்டிருந்த இரண்டு கைகளை மட்டும் படம் எடுத்துச் சீட்டில் போட்டுவிட்டாள். மற்றவர் சீட்டில் முகம் இருக்க, இவள் சீட்டு வெறுமையாகப் போகக் கூடாதே என்ற கரிசனம். முகம் இல்லாத படத்தில் யார் யாரைக் கண்டுபிடிக்க முடியும்?

கூடைக்காரர்களால் முடியும். அது பெரியக்காவுக்குத் தோன்றவில்லை. புதுசுக்கும் தோன்றவில்லை. அச்சான சீட்டை அவள் பார்த்ததும் இல்லை, சீட்டு கட்டுவது கடைக்காரர்களின் வேலை.

அன்று காலை வேலை சூடு பிடித்திருந்த நேரத்தில், பெரியக்கா கைபேசியைக் கையில் பிடித்தபடியே சிரித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

"புதுசு, உன் கூடை ஒருத்தங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். கடையிலேர்ந்து பேசினாங்க. பின்னின கையை நேர்ல பாக்கணும்னு கிளம்பி வர்றாங்களாம்."

"ம்க்கும். இனிமே இவளைக் கையிலயே பிடிக்க முடியாது" என்றாள் கோணூசி.

"யாருக்கா?" என்றாள் புதுசு.

"கூடை வியாபாரம் பண்றவங்களாம். ஒரு அம்மா. கூட அவங்க தம்பி. வேன்ல வர்றாங்க. அந்தம்மா வேடிக்கையான ஆளாம். மூடியைத் திறந்து உள்ளே மூக்கை விட்டு மோந்து பாத்துட்டுத்தான் கூடையை வாங்கினாங்களாம். கடைப் பொண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

புதுசின் கையிலிருந்த ஊசி நழுவி மடியில் விழுந்தது.

கூடையை மோந்து பார்த்து வாங்குகிறவள் உலகத்தில் ஒருத்திதான் அவளுக்குத் தெரியும். நாரில் ஈரம் மிச்சம் இருக்கிறதா, பூஞ்சை பிடிக்குமா என்று அந்த மூக்கு சொல்லிவிடும். அவளுடைய நாத்தனார். தம்பி என்றால், அவன்.

"புதுசு, என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

அவள் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அந்த முக்காலியில் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள். அதிகம் சொல்ல நேரமும் இல்லை. வாழ்க்கைப்பட்டது கூடை வியாபாரக் குடும்பத்தில். புருஷனுக்கு அவள் இடக்கையைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள், என்ன சண்டை என்றுகூட இப்போது நினைவில்லை, அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்து அவன் கதவைச் சாத்தினான். காவல் நிலையத்துக்குப் போனாள். அவர்கள் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, அவனையே வரவழைத்து, இரண்டு பேருக்கும் புத்தி சொல்லிச் சேர்த்து அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்குப் போனதும் அவன் அடிக்கவில்லை. நிதானமாகத்தான் சொன்னான். "நீ எங்க வேணா போ. குட்டி எங்கிட்ட இருக்கும். அப்புறம் நீயே வந்து என் கால்ல விழுவே."

அதன் பிறகுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.

பக்கத்து அறையில் அவள் மகள் குட்டி ஏதோ பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

"கடவுளே" என்றாள் பெரியக்கா. "நான்தானே அவங்களை வரச் சொன்னேன்."

"இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது?" என்றாள் கோணூசி. "பின்பக்கம் வழி இருக்கா? சுவர். முன்பக்கம் ஒரே ரோடு. அவன் வேன் வர்ற ரோட்டுலயே இவ எங்க போவா? ஒளிச்சுத்தான் வைக்கணும்."

"கூடை? இடக்கைக் கூடை அவங்க கையில இருக்கே. யார் பின்னினதுன்னு கேட்டா?"

கோணூசி தன் கையிலிருந்த ஊசியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான்தான் பின்னினேன்னு சொல்றேன். அவளும்தான். இவளும்தான். இந்தப் பட்டறையில எல்லாருமே இப்படித்தான். என்னங்கடி பாக்கறீங்க? பாதியில நிக்கிறதை எல்லாம் மூட்டை கட்டி உள்ளே வைங்க. புதுசா அடி ஆரம்பிங்க. நொட்டாங்கையால."

முக்காலிகள் நகர்ந்தன, நார்கள் கை மாறின. பழக்கமில்லாத கையில் ஊசி பிடித்த பெண்கள் முதல் முறை பேனா பிடிக்கிற பிள்ளைகள் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

குட்டியை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அத்தை என்றால் அவளுக்கு உயிர். குரலைக் கேட்டாலே ஓடி வந்துவிடுவாள். புதுசு ஒளிந்துகொள்ளப் போவது சாயக் கொட்டகையில். அந்த நெடியில் குழந்தை ஒரு நிமிஷம் இருந்தாலும் இருமித் தள்ளிவிடும்.

சுவரோரம் முடிந்த பெரிய கூடைகள் மூடி போட்டு வரிசையாக நின்றன. அழுக்குத் துணி போட்டுவைக்கிற கூடைகள், இடுப்பு உயரம். அதற்குள் புகுந்து ஒளிந்து விளையாடியதற்காகக் குட்டி பல தடவை திட்டு வாங்கியிருக்கிறாள். இன்று அந்தப் பெண்களே அவளைக் கூப்பிட்டு உள்ளே இறக்கினார்கள்.

"சத்தமே போடாம இருக்கணும். யாரு வந்தாலும். அம்மா வந்து திறக்கற வரைக்கும். இருந்தா நீதான் ஜெயிச்சே."

"யாரு கண்டுபிடிப்பாங்க?"

"எல்லாரும் தேடுவாங்க" என்றாள் புதுசு. குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்தாள். மூடியை வைக்கும்போது அவசரத்தில் அது ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகுதான் பொருந்தியது.

சாயக் கொட்டகைக்கு ஓடும் வழியில் பெரியக்காவின் மேஜை மேல் மிச்சமிருந்த சீட்டுக் கட்டு கண்ணில் பட்டது. தன் கைகளின் படத்தை அவள் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள். நல்ல படம். நாரின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. ஊசி பிடித்த இடக்கையில் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தது. கதவிடுக்கில் உடைந்த விரல் அது.

இடக்கைக்காரர்கள் நூறு பேர் இருக்கலாம். அந்த விரல் ஒருத்திக்குத்தான் உண்டு. உடைத்தவனுக்கு ஒருவேளை அது நினைவில் இருக்காது. கட்டுப் போட்டவளுக்கு இருக்கும். அன்று நாரைத் தண்ணீரில் நனைத்து, மூங்கில் சிம்பு வைத்து, விரலைச் சுற்றிக் கட்டியவள் நாத்தனார்தான். கட்டி முடித்து, "கொஞ்ச நாள் தண்ணி படாம பாத்துக்கோ" என்றாள். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. தம்பியை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

உள்ளே இருக்கிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும். நீங்கள் போடுகிற நாடகம் பலிக்காது, அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்ல வேண்டும். அவள் திரும்பினாள். அதே சமயம் வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அவள் கொட்டகைக்குள் போய், சாயம் சொட்டச் சொட்டத் தொங்கிய நார்களுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஈரநார் முகத்தில் ஒட்டியது. கொட்டகைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவில்லாத ஒரு ஜன்னல். நார் இடைவெளியில் அதன் வழியாகக் கூடம் முழுவதும் தெரிந்தது. சுவரோரக் கூடைகளும் தெரிந்தன.

நாத்தனார் உள்ளே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கையில் புதுசு பின்னிய சின்ன மூடிக்கூடை, அதன் கழுத்தில் சீட்டு. அவன் வரவில்லை. வேனில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றாள் பெரியக்கா. "தம்பியும் வந்திருக்காங்கன்னு..."

"பொம்பளைங்க வேலை செய்யற இடம். நான் மொதல்ல போய்ப் பாக்கறேன், நீ இருன்னு சொல்லிட்டேன்." அதே இனிமையான, அவசரமில்லாத குரல். அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்து புதுசு கேட்டதில்லை. அதனாலேயே நாத்தனார் என்ன நினைக்கிறாள் என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. "இந்தக் கூடை பின்னினது யாரு?"

"நான்தாங்க" என்றாள் கோணூசி.

"நீங்களா?"

"நானாவும் இருக்கும், இந்தா இவளாவும் இருக்கும். இங்க எல்லாரும் நொட்டாங்கைதான். சாப்பிடறது மட்டும்தான் வலது கையில."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமினார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. வரிசையின் முதல் முக்காலியிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். புதுசும் அவள் கண்ணால் பார்த்தாள். என்ன கோரம்! ஒரு சுற்று இறுகியும் அடுத்தது தொளதொளத்தும், தையல் கோணிக்கொண்டும், அடி வட்டமாக வராமல் முட்டையாகவும் கிடந்தன. கூடையோடு பிறந்து வளர்ந்தவளுக்கு இதைப் பார்த்ததும் தெரியாதா? இந்தக் கைகள் இன்றைக்குத்தான், அதுவும் இப்போதுதான், மாறியிருக்கின்றன என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கோணூசியின் முன்னால் நாத்தனார் நின்றாள். கோணூசி தலையை நிமிர்த்தாமல் விடாப்பிடியாகக் குத்திக்கொண்டிருந்தாள். நாரைப் பிடித்திருந்த வலக்கை விரல்களில் ஊசி மாறி மாறி ஏறியிருந்தது. வெளுத்த நாரில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கறை.

"ரத்தம் வருது" என்றாள் நாத்தனார்.

"வரட்டும். வேலைன்னா வரத்தான் செய்யும்."

"எத்தனை நாளா இப்படிப் பின்றீங்க?"

"பொறந்ததுலேர்ந்து."

நாத்தனார் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்த ஒரு நார்ச்சிம்பை எடுத்தாள். கோணூசியின் கையை இழுத்து, குத்துப்பட்ட விரலில் அதைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, நுனியை உள்ளே சொருகல். நாருக்குப் பின்னால் நின்றவளுக்குத் தன் சுண்டுவிரல் வலித்தது. அதே கட்டு.

கட்டி முடித்து நிமிர்ந்தவள், சின்னக் கூடையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"இதெல்லாம் முடிஞ்ச சரக்கா?"

"ஆமா" என்றாள் பெரியக்கா. "வண்டி ஏறப்போகுது."

நாத்தனார் முதல் கூடையின் மூடியைத் திறந்தாள். குனிந்து உள்ளே முகத்தை விட்டு மோந்து பார்த்தாள். மூடினாள்.

புதுசு தன் கையையே கடித்துக்கொண்டாள். இதை எப்படி மறந்தோம்? மோந்து பார்க்கிறவள் வருகிறாள் என்று தெரிந்தே, குழந்தையைக் கொண்டுபோய்க் கூடைக்குள் வைத்திருக்கிறோமே! கூடையைப் பார்த்தால் மூடியைத் திறக்காமல் அந்த அம்மாளால் நகர முடியாது. அது அவள் பழக்கம்கூட இல்லை, மூச்சு.

இரண்டாவது கூடை. திறந்தாள், மோந்தாள், மூடினாள்.

பெரியக்கா ஏதோ சொல்லிக்கொண்டு குறுக்கே போனாள். நாத்தனார் இனிமையாகத் தலையாட்டிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பெண்கள் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிரப் புதுசின் மனசில் வேறு சொல் வரவில்லை. ஓடிப் போய் முன்னால் விழுந்துவிடலாமா? என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று?

அடுத்த கூடையின் மூடி திறந்தது.

நாத்தனார் குனிந்தாள். தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. முகம் தெரியவில்லை. சத்தம் இல்லை. மற்றக் கூடைகளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் எடுத்தது. இதில் அவள் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். வேன் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அவளுடைய வலக்கை சின்னக் கூடையின் கழுத்துக்குப் போனது. அங்கே ஏதோ செய்தது. பிறகு அந்தக் கையும் பெரிய கூடைக்குள் போய் வந்தது.

நிமிர்ந்தாள். மூடியை எடுத்து, விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவிச் சரியாகப் பொருத்தினாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா." வாசலில் அவன்.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "எவ்வளவு நேரம்? இருக்காளா இல்லையா?"

"இல்லடா."

"படத்துல நொட்டாங்கை இருந்துதே. நீயும்தானே பாத்தே?"

"நீயே பாரு. இங்க எல்லாரும் நொட்டாங்கைதான். அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவன் வரிசையைப் பார்த்தான். அத்தனை பெண்களும் இடக்கையில் ஊசியோடு அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சரக்கை ஏற்றி இறக்கி விற்கிறவனே தவிர, ஒரு நாளும் உட்கார்ந்து பின்னியவன் இல்லை. கோணல் தையல் அவன் கண்ணுக்குப் படவில்லை.

"என்ன தம்பி, முக்காலி போடவா? வந்து உட்காருங்க. உங்களுக்கும் சொல்லித் தரோம்" என்றாள் கோணூசி. இந்தத் தடவை சிரிப்பு நிஜமாகவே வந்தது. பயத்தில் வந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. அவன் முகம் கறுத்தது.

போவான் என்று பார்த்தால், அவன் பெரிய கூடைகள் பக்கம் வந்தான். "வந்ததுதான் வந்தோம். இது நல்லா இருக்கே. நம்ம கடைக்கு ஒண்ணு தூக்கிப் போட்டுக்கலாமா?" அக்காவின் கை இருந்த கூடையைத்தான் காட்டினான். அவன் கை மூடியின் கைப்பிடிக்கு நீண்டது.

"விடுடா" என்றாள் நாத்தனார், கையை எடுக்காமலே. "ஈரம் போகல. பூஞ்சை வாசம் அடிக்குது. ஒரு வாரத்துல கறுத்துடும். வீட்டுக்குள்ள கொண்டுவந்தா இருக்கிற சரக்கும் கெட்டுடும்."

கூடை விஷயத்தில் அந்த மூக்கை அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியது கிடையாது. அவன் கையை இழுத்துக்கொண்டான். "வெட்டி அலைச்சல்" என்று முணுமுணுத்தபடி திரும்பி நடந்தான்.

நாத்தனார் அவன் பின்னாலேயே போனாள். கோணூசியைத் தாண்டும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள்.

"ஊசியை மேலேர்ந்து குத்தறீங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "நொட்டாங்கைக்காரங்க கீழேர்ந்து குத்துவாங்க. தெரிஞ்சவங்க வேற யாராவது வந்தா, பாத்ததும் கண்டுபிடிச்சுடுவாங்க."

வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

புதுசு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முகத்திலும் தோளிலும் சாயத் தீற்றலோடு ஓடி வந்து மூடியைத் தூக்கினாள். குட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் பெரிசாக, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"ஜெயிச்சேனாம்மா?"

"ஜெயிச்சேடா கண்ணு."

"அத்தை கண்டுபிடிச்சுட்டாங்க. நான் பேசல. உதட்டுல விரலை வெச்சுக் காட்டினேன். அத்தையும் அப்படியே காட்டினாங்க." குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "அத்தை ஏம்மா அழுதாங்க?"

புதுசு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது, அதன் பிஞ்சுக் கையில் கசங்கிய ஏதோ ஒன்று இருப்பது தெரிந்தது. "இதை அம்மாகிட்ட குடுன்னு குடுத்தாங்க."

அந்தச் சீட்டு. கூடையின் கழுத்திலிருந்து நூலோடு பிய்த்தது. வளைந்த சுண்டுவிரல் இருந்த இடத்தில் மட்டும் நகத்தால் அழுத்தி மடித்த தடம்.

மற்றப் பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி முந்தானையால் புதுசின் கன்னத்துச் சாயத்தைத் துடைத்தாள். அது கொஞ்சமும் போகவில்லை. பெரியக்கா போய், மேஜை மேலிருந்த சீட்டுக் கட்டை எடுத்துச் சாயம் காய்ச்சுகிற அடுப்பில் போட்டாள். கடைக்குப் பேசி, வெளியே இருக்கிற கூடைகளிலும் அதைக் கழற்றச் சொன்னாள். பிறகு திரும்பி வந்து, "வாசல்ல கதவு வேணா திறந்தே இருக்கட்டும். ஆனா ஒரு மணி கட்டிடலாம்" என்றாள்.

"நாளைக்கு அவங்க மனசு மாறினா?" என்றாள் புதுசு. அவளுடைய பயம் போகவில்லை. இனி ஒவ்வொரு வேன் சத்தத்துக்கும் அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அது அவளுக்குத் தெரிந்தது. கேள்வி கேட்காமல் கட்டுப் போடத் தெரிந்த ஒரு மனுஷியின் வாயில் தன் குழந்தையின் வாழ்வு இருக்கிறது. அந்த வாயை நம்பலாமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாள் இன்று தன் தம்பியிடம் சொன்ன பொய், அவள் எந்த நாளும் தன் மூக்கை வைத்துச் சொல்லாத பொய். அதை நினைத்தபோது புதுசுக்கு நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல இளகியது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போகப்போகிறவளுக்காக அவள் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டாள்.

கோணூசி தன் முக்காலியில் உட்கார்ந்து, காலையில் பின்னிய கோணல் அடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரத்தக் கறையும் முட்டை வடிவமுமாக அது பரிதாபமாக இருந்தது. நார்க்கட்டுப் போட்ட விரலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"கடவுள் கண்ணுல இது பட்டா அவரே சிரிச்சுடுவார். ஏய் புதுசு, எதுக்கு அங்க நின்னுக்கிட்டு இருக்கே? வந்து உட்காரு. கீழேர்ந்து குத்தணுமாமே. எப்படின்னு காட்டு."

புதுசு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடக்கையில் ஊசியை எடுத்தாள். சுண்டுவிரலை மடக்கி, நாரைத் தாங்கிப் பிடித்து, கீழேயிருந்து மேலாக ஒரு தையல் போட்டுக் காட்டினாள்.

"மெதுவா" என்றாள் கோணூசி. "எல்லாரும் பாக்கணும்ல."

அவள் தையலைப் பிரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து மெதுவாகப் போட்டுக் காட்டினாள். முக்காலிகள் ஒவ்வொன்றாக அவளைச் சுற்றி நெருங்கி வந்தன.